பழைய புத்தகங்களை நகல் எடுக்க வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நூறு வருடப் பழைய புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன, பக்கத்தைப் புரட்டினாலே ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வருகிறது. தாளில் ஊறிய அமிலம்தான் காரணம். முழுசாக ஜெராக்ஸ் எடுத்து பைண்டு பண்ணி வாசிக்கக் கொடுத்துவிட்டு, மூலத்தைக் கட்டிப் பத்திரப்படுத்தலாம் என்றிருக்கிறோம். கறுப்பு டோனரில் இருப்பது கார்பன், சீக்கிரம் மங்காது. ஆனால் தாளும் அமிலமில்லாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நகலுக்கும் இதே கதிதான்.

போன வாரம் ஒரு கடையில் புத்தகத்தைக் கவிழ்த்து மூடியை அழுத்தினார்கள், முதுகுத் தையல் படக்கென்று விட்டுப்போச்சு, மனசே ஆறவில்லை. பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், தென்காசி பக்கம் எங்கேயாவது புத்தகத்தை மல்லாத்தி வைத்து மேலிருந்து எடுக்கும் மெஷின் இருக்கிறதா? அப்புறம், அமிலமில்லாத ஏ4 தாள் எங்கே கிடைக்கும்?