பாவாவுடன் பிரியாணி பந்தயம்: வேறு கிரகத்துக்கு மனுஷன் போய்ச் சேர முடியுமா?

ஏரிக்கரை ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையிலிருந்து வண்டியை ஒரு முறுக்கு முறுக்கினால் தடா, அதாவது ஆந்திரா. எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர் அந்தப் பக்கத்துக்காரர். தமிழனான நான் அவரை பாவா என்பேன், தெலுங்குக்காரரான அவர் என்னை மச்சான் என்பார். இருபது வருஷப் பழக்கம்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் இருவரும் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ரோட்டுக்கு வந்துவிடுவோம். முதலில் ஏரிப் பக்கம் ஒரு வெளிச்சம் ஏறும். சத்தமே இருக்காது. பாவா பீடியைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் உறுமல் வந்து சேரும், என் ஷட்டர் கடகடவென்று ஆடும். நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்கே சத்தத்துக்கு ஒன்றரை நிமிஷம் ஆகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் இருக்கும் வானியல் விஞ்ஞானி நிக்கு மதுசூதனும் அவருடைய குழுவும், கே2-18பி என்கிற கிரகத்தில் உயிர் இருப்பதற்கான அடையாளம் தெரிகிறது என்று 2025 ஏப்ரலில் சொன்னார்கள் அல்லவா? அன்றிலிருந்து பாவாவைப் பிடிக்க முடியவில்லை. "கண்டுபிடிச்சது நம்ம ஆளு, ராக்கெட்டும் நம்ம ஊர்ல இருக்கு. அம்பது வருஷத்துல அங்க பிளாட் போட்டு வித்துருவாங்க மச்சான்" என்கிறார். பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. தோற்றவர் இரண்டு குடும்பத்துக்கும் மட்டன் பிரியாணி வாங்கித் தரவேண்டும்.

நான் போட்ட கணக்கு இது. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. வெளிச்சம் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தூரம், அதாவது வெளிச்சமே போய்ச் சேர 124 வருஷம் ஆகும். கால்குலேட்டரில் தட்டினால் சுமார் 22 லட்சம் வருஷம் வருகிறது. பாவா என் கால்குலேட்டரைச் சந்தேகப்படுகிறார். அப்புறம், "வாயேஜர் அந்தக் காலத்து வண்டி, இப்ப புது மாடல் வந்திருக்கும்" என்கிறார்.

பிரியாணி எனக்குத்தானே? இதைவிடப் பக்கத்தில் ஏதாவது கிரகம் இருக்கிறதா? இன்னொன்று, யாருமே போகாத இடத்தில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆலங்காயத்தான்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊர் சமாசாரம். எங்களுக்கு மேலே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே சனி கிரகத்தின் வளையத்தைப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுதான் தெரிந்தது. இன்னும் மறக்கவில்லை.

1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போனது. கிரகம் மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திர வெளிச்சம் சில தடவை குறைந்து குறைந்து வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்த அமெரிக்கர்களுக்குத்தான் பேர் கிடைத்தது என்றாலும், அந்த மங்கல் காவலூரிலும் பதிவானது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வெளிச்சம் கண் சிமிட்டியதை வைத்தே சொன்னார்கள்.

வெளியூர்க் கிரகங்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கிரகம் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். பூமி அளவுக் கிரகம் சூரியன் அளவு நட்சத்திரத்தைக் கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. கெப்ளர் தொலைநோக்கி 2009இல் மேலே போய், 2018இல் ஓய்வு பெறுவதற்குள் 2,600க்கு மேல் பிடித்துக் கொடுத்தது. இன்றைக்கு மொத்தக் கணக்கு 6,000ஐத் தாண்டிவிட்டது.

கடக்கும் நேரத்தில் அந்தக் கிரகத்தின் காற்று வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் வடிந்து வருகிறது. எந்த வாயு எந்த நிறத்தை விழுங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் கே2-18பி பற்றிப் பேசுகிறார்கள். மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாக 2023இல் சொன்னார்கள். 2025இல் சொன்னது டைமெத்தில் சல்பைடு. நம் பூமியில் அதைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் வெளியிடுகின்றன. பழவேற்காட்டுக் கடற்கரையில் அடிக்கும் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு, உங்களுக்குத் தெரிந்த வாசனைதான். ஆனால் அதே பதிவுகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்ட மற்ற குழுக்கள், இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். பாவாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கிரகம் கேட்டீர்கள். 2016இல் கண்டுபிடித்த ப்ராக்ஸிமா-பி, 4.24 ஒளியாண்டு. அதைவிடப் பக்கத்து நட்சத்திரமே நமக்குக் கிடையாது. தூரம் புரிய ஒரு வழி சொல்கிறேன். உங்கள் கடை வாசல் சூரியன் என்று வையுங்கள். பூமி ஒரு மீட்டர் தள்ளி, அதாவது கடைக்கு வெளியே போட்டிருக்கும் ஸ்டூலில். சந்திரன் பூமியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர். மனிதக் கால் இதுவரை போனது அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான். நெப்டியூன் 30 மீட்டர், பாவாவின் கடைக்குச் சற்று அந்தப் பக்கம். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக ஓடும் வாயேஜர் 170 மீட்டர் போயிருக்கிறது. ப்ராக்ஸிமா எங்கே தெரியுமா? பெங்களூரில். மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்தேன், 270 கிலோமீட்டர் சுமார் வருகிறது.

சும்மா படிக்கிறவன்:

இங்கே ஊருக்குள் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. இவர்களுக்கு வேறு கிரகம் கேட்கிறது.

ஏரிக்கரை ஜெராக்ஸ்:

சும்மா படிக்கிறவன் தம்பி, ரோடு குண்டும் குழியுமாக இருப்பதால்தான் பாவாவுக்குப் பிழைப்பே நடக்கிறது. அவரே புகார் சொல்லவில்லை.

ஆலங்காயத்தாரே, ஸ்டூல் கணக்கைக் கடை வாசலில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். டீ குடிக்க வந்த லாரி டிரைவர்கள் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பெங்களூர் என்றதும் பாவா கொஞ்சம் அமைதியானார். ஆனாலும் "புது மாடல் வண்டி" என்பதை விடவில்லை. வாயேஜரைவிட வேகமாக ஒன்றும் இல்லையா?

நகரி டியூஷன் டீச்சர்:

அண்ணா, இருக்கிறது, ஆனால் அது உங்கள் பாவாவுக்கு உதவாது. பார்க்கர் என்ற விண்கலம் 2024 டிசம்பரில் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் போனபோது நொடிக்கு 192 கிலோமீட்டர் வேகம் எட்டியது. அந்த வேகத்திலேயே போனால்கூட ப்ராக்ஸிமாவுக்கு 6,600 வருஷம். அதுவும் சூரியன் இழுக்கிற இழுப்பில் வந்த வேகம். திருப்பதி மலையிலிருந்து நியூட்ரலில் இறங்கிவிட்டு, வண்டி நல்ல பிக்கப் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

ராக்கெட்டின் தொல்லையே எரிபொருளையும் அதுவே சுமக்கவேண்டும் என்பதுதான். சந்திரயான்-3 உங்கள் கண்ணெதிரே போயிருக்கும், 2023 ஜூலை 14, மத்தியானம். ராக்கெட் 640 டன். அது மேலே கொண்டுபோய் விட்டது 4 டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்கே நிலாவில் இறங்க 40 நாள் ஆனது.

என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் போடுகிற கணக்கு ஒன்று. வெளிச்சத்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு ஒரே ஒரு கிலோவைக் கொண்டுபோக எவ்வளவு சக்தி வேண்டும்? அரை எம்வி ஸ்கொயர், அவ்வளவுதான். 50 கோடி யூனிட் கரண்ட் வரும். கூடங்குளத்து உலை ஒன்று 1,000 மெகாவாட். அது மூன்று வாரம் நிற்காமல் ஓடி, ஒரு பொட்டும் வீணாகாமல் கொடுத்தால் ஒரு கிலோ கிளம்பும். உங்கள் பாவா 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலரை வருஷ கரண்ட். கப்பல் இல்லை, சாப்பாடு இல்லை, பாவா மட்டும். போய் நிற்கவேண்டும் என்றால் அவ்வளவு சக்தி இன்னொரு தடவை. நிற்காவிட்டால் கிரகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவார்.

அதனால்தான் 2016இல் கோடீஸ்வரர் யூரி மில்னரும் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கும் வேறு மாதிரி ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். ஆளே வேண்டாம். சில கிராம் எடையில் ஒரு சிப், அதற்கு மெல்லிய பாய்மரம், தரையிலிருந்து லேசர் வெளிச்சத்தால் ஒரு தள்ளு. எரிபொருளைச் சுமக்கவேண்டிய வேலையே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு ஒளி வேகம், சுமார் 20 வருஷத்தில் ப்ராக்ஸிமா பக்கம். ஆனால் அந்த லேசருக்கு 100 ஜிகாவாட் அளவில் சக்தி வேண்டும். காகிதத்திலும் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறதே தவிர, இன்னும் எதுவும் கிளம்பவில்லை.

பிளாட் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். "வாழத் தகுந்த" என்கிற வார்த்தை எங்கள் பக்கத்து ரியல் எஸ்டேட் நோட்டீஸ் மாதிரிதான். தண்ணீர் தண்ணீராகவே இருக்கக்கூடிய தூரத்தில் கிரகம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ப்ராக்ஸிமா-பிக்கு ஒரு வருஷம் என்பது நம்முடைய 11 நாள். அவ்வளவு நெருக்கத்தில் சுற்றுகிறது. அந்த நட்சத்திரமோ அடிக்கடி வெடித்துச் சீறும் ரகம். காற்று மண்டலம் மிஞ்சியிருக்கிறதா என்றே யாரும் உறுதி சொல்லவில்லை. 40 ஒளியாண்டில் டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்துக்கு ஏழு கிரகம் என்று 2017இல் ஒரே கொண்டாட்டம். உள்ளே இருக்கும் முதல் கிரகத்தில் சொல்லும்படி காற்றே இல்லை, இரண்டாவதில் கனமான காற்று இல்லை என்று விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சொல்லிவிட்டது. பாக்கி ஐந்தில் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.

பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள்தான். சந்தேகமே இல்லை.

ஏரிக்கரை ஜெராக்ஸ்:

டீச்சரம்மா, கோடி நன்றி. உங்கள் பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து (சொந்தக் கடை, காசு இல்லை) பாவாவிடம் கொடுத்தேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், முழுசாகப் படித்தார். தன்னை 80 கிலோ என்றதில் மட்டும் கொஞ்சம் வருத்தம். 74தானாம்.

அப்புறம் சிப் பத்தியைத் திரும்ப ஒரு தடவை படித்தார். "சர்லே மச்சான். நான் மனுஷன் போவான்னா சொன்னேன்? போய்ச் சேரும்னுதான் சொன்னேன்" என்கிறார். பிளாட் விற்பதாகச் சொன்னவர் இவரேதான். லாரிக்காரர்களைச் சாட்சி வைத்தால், "அது பேச்சுக்குச் சொன்னது" என்று கழற்றிக்கொள்கிறார்.

நேற்று ராத்திரி கரண்ட் போனபோது கடைப் படியில் உட்கார்ந்து புதுக் கணக்குப் போட்டோம். சிப் இன்றைக்கே கிளம்பினாலும் போய்ச் சேர 20 வருஷம். எடுத்த படம் வெளிச்சத்தின் வேகத்திலேயே வந்தாலும் இன்னும் நாலேகால் வருஷம். அந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று பாவா கேட்டார். மே மாதத்தில் தெற்கே தாழ்வாக ஆல்ஃபா சென்டாரி தெரியும், அதன் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ப்ராக்ஸிமா என்று போனில் தேடிச் சொன்னேன். தெற்கே சென்னை வெளிச்சம்தான் தெரிந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி. படம் வரும்வரை பந்தயம் நிலுவை. எனக்கு அப்போது எழுபத்தேழு, அவருக்கு எண்பது. அதுவரை வட்டியாகத் தினம் ஒரு டீ அவர் வாங்கித் தரவேண்டும். இன்றைய வட்டி வந்துவிட்டது, சர்க்கரைதான் கம்மி.