பழைய கணினி, மூன்று பேர்: தி ஃபாரஸ்டா, சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்டா?

சுருளி87:
நான், தம்பி, அவனுடைய காலேஜ் நண்பன். சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் ஆட நேரம். ஜாம்பிகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளி அலுத்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து ஆடினாலும் பயம் குறையாத கேம் வேண்டும். எண்ட்நைட் நிறுவனத்தின் இந்த இரண்டு கேம்களில் எது? என் கணினி பழசு. தம்பியிடம் இருப்பது பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) மட்டும், அதிலிருந்து அவன் சேர முடியுமா?

குகைவாசி:
தம்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தி ஃபாரஸ்ட் பிஎஸ்4-இல் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கணினிக்காரர்களோடு சேர முடியாது. சன்ஸ் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. அவனுக்கும் ஒரு கணினி பாருங்கள்.

கணினி பழசு என்றால் தி ஃபாரஸ்ட்தான். 2018-இல் முழுதாக வெளிவந்த கேம், விலையும் குறைவு. கணினி புதிதாக இருந்தாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். சன்ஸில் தொடக்கத்திலேயே கையில் ஜிபிஎஸ். இதில் வரைபடமும் திசைகாட்டியும் வேண்டுமென்றால் குகைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும்.

அந்தக் குகைகள்தான் கேமே. கயிற்றைப் பிடித்து ஒருவன் முதலில் இறங்குவான். கீழே கும்மிருட்டு. லைட்டர் சட்டென்று அணையும், மறுபடி பற்ற வைக்கணும், ஒரு தடவையில் பற்றாது. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு முனகல். "வாங்கடா சீக்கிரம்" என்று அவன் வாக்கி-டாக்கியில் கத்துவான். மேலே இருக்கிற ரெண்டு பேரும் "நீ போ, நீ போ" என்று ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று பேர் இருந்தும் பயம் வருவது இப்படித்தான்.

ஒன்றே ஒன்று: கோட்டை கட்ட உட்கார்ந்துவிடாதீர்கள். ஆளுக்கு இரண்டிரண்டு கட்டையாகத் தூக்கிச் சுவர் எழுப்பியே சனிக்கிழமைகள் ஓடிவிடும், அப்புறம் அது வெறும் கொத்தனார் வேலை. படுக்க, சேமிக்க ஒரு குடிசை போதும்.

ஈரவிறகு:
குகைவாசி சன்ஸை இப்படி மட்டம் தட்ட வேண்டாம். 2023 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸில், அதாவது வேலை முடியும் முன்பே விற்பனைக்கு, அது வந்த நாளிலிருந்து ஆடுகிறோம். குளிர்காலம் வந்தால் குளம் உறைந்துவிடும், இறைச்சியை முன்பே காய வைக்காதவன் பாடு திண்டாட்டம். அப்புறம் கெல்வின், கேமில் நம்மோடு வரும் கூட்டாளி! ஹெலிகாப்டர் விபத்தில் பாவம் காது போய்விட்டது, எது வேண்டுமானாலும் நோட்டில் எழுதிக் காட்டணும். ஆரம்ப நாட்களில் கட்டை கொண்டு வரச் சொன்னால், நாம் மேலே வீடு கட்டியிருந்த மரத்தையே வெட்டிச் சாய்த்துவிட்டு அப்பாவியாக நிற்பான்.

குகைவாசி:
அதைத்தான் சொல்கிறேன். கெல்வின் இருந்தால் சிரிப்பு வருகிறது, பயம் எங்கே வருகிறது?

நள்ளிரவு_சர்வர்:
சண்டை போதும். உலகம் ஹோஸ்ட்டின், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி மற்றவர்களைச் சேர்ப்பவரின், கணினியில் சேமிக்கப்படும். அவர் வராத வாரம் அந்த ஆட்டத்தைத் தொடர முடியாது. மூவரில் யார் ஒழுங்காக வருவாரோ அவரே ஹோஸ்ட்டாக இருக்கட்டும். மற்றவர்களும் கிளம்பும் முன் மறக்காமல் சேமிக்கணும், இல்லையென்றால் பையில் சேர்த்ததெல்லாம் போச்சு. இல்லாவிட்டால் டெடிகேட்டட் சர்வர் (ஹோஸ்ட் இல்லாமலே ஆட்டத்தை நடத்தும் தனி சர்வர்) போடுங்கள், இரண்டு கேமுக்கும் உண்டு.

சுருளி87:
சரி, தி ஃபாரஸ்ட்தான். தம்பி வேறொரு நண்பனின் லேப்டாப்பைக் கேட்டு வாங்குகிறான். நானே ஹோஸ்ட். முதல் ராத்திரி என்ன செய்யணும்?

குகைவாசி:
விக்கி பக்கம் போகாதீர்கள், கதை கெட்டுவிடும். முதலில் வருகிற நரமாமிசக்காரர்கள் பல நேரம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் கோடாரியோடு பின்னாலேயே ஓட வேண்டாம். முக்கியமாகத் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.