டெசராக்ட் மாதிரி சாய்கிறது, வழி சொல்லுங்க

பாளையங்கோட்டையில் அடுத்த வாரம் பள்ளிக் கண்காட்சி. டெசராக்ட், அதாவது நாற்பரிமாணக் கனசதுர மாதிரி (பெரிய கனசதுரக் கூட்டுக்குள் சின்னது, மூலைக்கு மூலை இணைத்தது) நிற்க மாட்டேங்குது. மூங்கில் குச்சி, முனைகளில் சைக்கிள் வால்வ் டியூப். வெளிக்கூட்டுக்கு 30 செ.மீ. குச்சி 12, உள்கூட்டுக்கு 15 செ.மீ. 12, மூலை இணைப்புக்கு 13 செ.மீ. 8.

காரணம் தெரியும்: வளையும் முனை 16 இருந்தால், விறைப்பாக நிற்க 3×16−6=42 குச்சியாவது வேண்டும்; இருப்பது 32. மூலைவிட்டக் குச்சி வைத்தால் நிற்கும். ஆனால் குறுக்குக் கோடுகள் கூடிவிட்டால் எட்டுக் கனசதுரத்தையும் (வெளிக்கூடு, உள்கூடு, இடையில் சரிந்த ஆறு) பிள்ளைகள் பிரித்து எண்ண முடியாது, அதற்குத்தானே இந்த மாதிரியே! தங்கூசி (நைலான் நரம்பு) கட்டிப் பார்த்தாச்சு, இழுக்கும், தாங்காது. குளூ கன் பசை வெளிமூலையில் பிடித்தது. உள்மூலையில், நான்காவது குச்சி மற்ற மூன்றோடும் 125 பாகையில் சேருமிடத்தில், விட்டுவிடுகிறது.

அந்த உள்மூலையை விறைப்பாகப் பிடிக்க, திருநெல்வேலிக் கடைகளில் கிடைக்கும் எந்தப் பொருளில் இணைப்பு செய்யலாம்?