சீன மொழியில் ‘லே’ எங்கே வரும்? உதவி தேவை

வணக்கம். குவாங்சோவில் துணிக் கொள்முதல் வேலையில் இருக்கிறேன். மாண்டரின் படிக்கத் தொடங்கி 7 மாதம். எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) 2-ஆம் நிலையில் ‘லே’ என்ற ஒற்றை அசை என்னை நகரவிடவில்லை.

முதலில் அது இறந்தகாலம் என்று நினைத்து எல்லா இடத்திலும் போட்டேன். ‘வாங்கவில்லை’ என்பதற்கு ‘வோ மெய் மாய் லே’ என்றதும், கடைக்கார அம்மா தலையை ஆட்டி, ‘லே’யை எடுத்துவிட்டு நிதானமாகத் திருப்பிச் சொன்னார். சரி, இறந்தகாலம் மட்டும் இல்லை. விலை பேசும்போது ‘தாய் குய் லே’ (விலை ரொம்ப அதிகம்) என்கிறார்கள், அதில் காலமே இல்லை. மழை பிடித்தால் ‘ஷியா யூ லே’. இது நம் ‘மழை வந்துவிட்டது’ மாதிரி, நிலைமை மாறியதைச் சொல்வது என்று பிடிபட்டது.

இலக்கணப் பாடத்தை மூன்று முறை படித்தேன். 40 வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்தேன். அப்புறமும் பேசும்போது தடுமாறுகிறேன். ‘வோ மாய் லே சான் மீ பூ’ என்றால் மூன்று மீட்டர் துணி வாங்கினேன். ஆனால் ‘வோ மாய் பூ லே’ (துணி வாங்கிவிட்டேன்) என்று ‘லே’ கடைசியில் வருவதும் காதில் விழுகிறது.

‘லே’யை வினைக்கு அடுத்து வைப்பதா, வாக்கியக் கடைசியில் வைப்பதா என்று பேசும் நொடியில் எப்படி முடிவு செய்கிறீர்கள்?