எச்டிஎஃப்எஸ் செக்சம் டெஸ்ட்: கெட்ட பிரதி மாறவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
எச்டிஎஃப்எஸ் (கோப்பை பிளாக் என்னும் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் வைக்கும் ஹடூப் கோப்பு முறை) டாக்கர் கன்டெய்னர்களில் (தனித்தனிக் கணினிபோல ஓடும் பெட்டிகள்) ஓடுகிறது. ஒரு நேம்நோடு (எந்த பிளாக் எங்கே என்று கணக்கு வைப்பது), 3 டேட்டாநோடு (பிளாக்குகளைச் சேமிப்பவை), ரெப்ளிகேஷன் 3 (ஒவ்வொரு பிளாக்குக்கும் 3 பிரதி). செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வேலை செய்கிறதா என்று பார்க்க, டெஸ்ட் 1 எம்பி கோப்பை எழுதி, ஒரு டேட்டாநோடில் உள்ள பிளாக் கோப்பின் 1000-வது பைட்டை டிடி (dd) கட்டளையால் பூஜ்ஜியமாக்கும். பிறகு கோப்பைப் படித்துவிட்டு, புதுப் பிரதி வருகிறதா என்று 120 வினாடி பார்க்கும். சில முறை பிரதி கெட்ட விஷயமே நேம்நோடுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் கெட்ட பிரதி அப்படியே கிடக்கிறது. 600 வினாடி கொடுத்தும் பார்த்தாச்சு. என்ன தவறு?

பதில் 1:
நேரம் அல்ல, நோடு போதவில்லை. ஒரே பிளாக்கின் இரண்டு பிரதியை நேம்நோடு ஒரே டேட்டாநோடில் வைக்காது. உங்களிடம் மூன்றிலும் பிரதி இருக்கிறது, புதியதற்கு இடம் ஏது? நல்ல பிரதி மூன்று சேரும்வரை கெட்டதை அழிக்கவும் அழிக்காது. 4-வது டேட்டாநோடைச் சேருங்கள். அழிப்பதை மட்டும் சோதிக்க, ரெப்ளிகேஷனை 2 ஆக்கினாலே போதும்.

பதில் 2:
நேம்நோடுக்கு எட்டாததற்குக் காரணம் வேறு. கிளையன்ட் (கோப்பைப் படிக்கும் நிரல்) ஒரு பிரதியைத்தான் படிக்கும். அது நல்ல பிரதியாக அமைந்தால் யாருக்கும் தெரியாது. டேட்டாநோடில் பிளாக்குகளைத் தானே சரிபார்க்கும் பின்னணி ஸ்கேனர் ஒரு சுற்று முடிக்கவே இயல்பில் 504 மணி நேரம், அதாவது 3 வாரம். ஆகவே கெடுத்த டேட்டாநோடின் கன்டெய்னருக்குள் இருந்தே படியுங்கள், அருகில் உள்ள பிரதிதான் முதலில் வரும். கோப்பு சரியாகப் படிக்கப்பட்டதே போதும் என்று விடாதீர்கள். லாகில் செக்சம் எக்செப்ஷன் வந்ததா என்பதையும் டெஸ்ட் பார்க்க வேண்டும்.

டிடியில் இரண்டு இடத்தில் கவனம். நோட்ரங்க் (conv=notrunc, கோப்பை வெட்டாதே என்னும் தேர்வு) கொடுக்காவிட்டால் கோப்பு அந்த இடத்தோடு வெட்டுப்படும். அப்போது நீங்கள் சோதிப்பது செக்சம் பிழையை அல்ல, நீளக் குறைவை. இன்னொன்று, அந்த பைட் முன்பே பூஜ்ஜியமாக இருந்தால் எதுவும் மாறாது. ரேண்டம் தரவில் 256-க்கு ஒரு முறை இப்படி நேரும். கோப்பை ஒரே எழுத்தால் நிரப்பிவிடுங்கள்.

கேட்டவர்:
4-வது நோடு, கன்டெய்னருக்குள் படிப்பது, இரண்டும் செய்ததும் பாஸ் ஆகிறது. மிக்க நன்றி! டேட்டாநோடை கில் செய்யும் டெஸ்ட்டுக்கும் 120 வினாடி போதுமா?

பதில் 1:
போதாது. டேட்டாநோடு செத்ததாக நேம்நோடு முடிவு கட்டவே இயல்பில் 630 வினாடி: ரீசெக் இடைவெளி (நேம்நோடு மறுபடி சரிபார்க்கும் இடைவெளி) 5 நிமிடத்தின் இரு மடங்கு, கூடவே ஹார்ட்பீட் (டேட்டாநோடு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் இடைவெளி) 3 வினாடியின் பத்து மடங்கு. டெஸ்ட்டில் ரீசெக்கை 5000, ஹார்ட்பீட்டை 1 என்று வையுங்கள், சுமார் 20 வினாடியில் அந்த முடிவு வரும். முதலாவது மில்லிவினாடிக் கணக்கு, இரண்டாவது வினாடிக் கணக்கு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.