இன்கோனல் 718–625 பற்றவைப்பு இணைப்பு 650 டிகிரியில் சீக்கிரம் முறிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். வெப்பம் தாங்கும் நிக்கல் கலப்புலோகங்களான இன்கோனல் 718, இன்கோனல் 625 தண்டுகளை 625 நிரப்புக் கம்பியால் டிக் (டங்ஸ்டன் மின்முனை வில்) முறையில் பற்றவைத்து, 718-க்கு வழக்கமான ஏஜிங்கை, அதாவது கடினமாக்கும் வெப்பச் சிகிச்சையை (720 டிகிரியில் 8 மணி நேரம், உலையிலேயே 620-க்கு ஆறவிட்டு மேலும் 8 மணி நேரம்) நேரடியாகக் கொடுத்தோம். அறை வெப்பநிலை இழுவிசைச் சோதனையில் மாதிரிகள் 625 பக்கத்தில்தான் அறுந்தன. ஆனால் 650 டிகிரி செல்சியஸில், திரிபைக் (நீள மாற்ற விகிதத்தை) கட்டுப்படுத்தி, மீண்டும் மீண்டும் சுமையேற்றிச் செய்யும் அயர்ச்சிச் சோதனையில், பற்றவைப்பு உலோகத்துக்குள், 718-ஐ ஒட்டிய விளிம்பில் முறிவு ஏற்படுகிறது. ஆயுளும் இரண்டு தாய் உலோகங்களையும் விடக் குறைவு. எக்ஸ் கதிர்ப் படத்தில் குறை ஏதும் தெரியவில்லை.

பதில் 1:
நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர், இணைப்பின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்திருந்தால், அது காட்டுவது சராசரித் திரிபு மட்டுமே. ஏஜிங்கால் 718 நன்கு கடினமாகிறது. 625 அதே வெப்பத்தில் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே நெகிழ்வுத் (மீளாத) திரிபின் பெரும்பகுதி மென்மையான பக்கத்தில் குவிகிறது. தாய் உலோகத்தின் ஆயுளோடு இதை ஒப்பிடுவதே பொருந்தாது என்பது என் கருத்து. முறிவுப் பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
பார்த்தோம், ஐயா. டென்ட்ரைட்டுகளின் (உறையும்போது கிளைவிட்டு வளரும் படிகங்களின்) இடையில் நொறுங்கிய துகள்கள் சங்கிலி போல் வரிசையாக உள்ளன. அவற்றில் நியோபியம் மிகுதி.

பதில் 2:
அது நியோபியம் மிகுந்த, எளிதில் நொறுங்கும் லேவ்ஸ் கட்டமாகவே இருக்க வேண்டும். 718-இல் இரும்பு ஏறத்தாழ 18 விழுக்காடு, நியோபியம் 5 விழுக்காடு. அந்த விளிம்பில் இவை உருகிக் கலக்கின்றன. இரும்பு கூடினால் உறையும்போது நியோபியம் டென்ட்ரைட்டுகளின் இடைவெளியில் மேலும் ஒதுங்கும். கடினமான 718-ஐ ஒட்டி மென்மையான உலோகம் சுருங்கவும் விடாமல் இறுக்கப்படும் இடமும் அதுவே என்பதால், விரிசல் அங்கு தொடங்குவதில் வியப்பில்லை.

உங்கள் ஏஜிங் லேவ்ஸைத் தொடாது. 980 டிகிரிக் கரைசல் சிகிச்சை (உயர் வெப்பத்தில் வைத்துத் துகள்களைக் கரைப்பது) அதில் சிறிதே கரைத்து, சுற்றிலும் ஊசி வடிவ டெல்டா கட்டத்தை (நியோபியம் கொண்ட மற்றொரு சேர்மத்தை) வளர்க்கும். 1,080-க்கு மேல் போனால் பெரும்பகுதி கரையும். ஆனால் 718-இன் பரல்கள் (படிக மணிகள்) பெருத்து, அந்தப் பக்கத்தின் அயர்ச்சி வலிமை குறையும். அதனால் சிகிச்சையை மாற்றுவதற்கு முன், வெப்ப உள்ளீட்டைக் குறைத்தோ எலக்ட்ரான் கற்றை முறைக்கு மாறியோ பாருங்கள். விரைவாக உறைந்தால் லேவ்ஸ் தொடர்ச்சியற்ற நுண்துகள்களாகச் சிதறும்.

பதில் 1:
அடுத்த மாதிரியில் விளிம்பின் குறுக்கே நுண்கடினத்தன்மையையும் அளந்து போடுங்கள். பற்றவைப்பு மேட்டைச் சீவி எடுத்துவிட்டுச் சோதித்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.