டைமண்ட் ஆன்வில் செல்: மெஷ்ஷை மாற்றினால் ஆப்டிமைசேஷன் விடையும் மாறுகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மாதிரியை அமுக்கி மிக உயர்ந்த அழுத்தம் தரும் டைமண்ட் ஆன்வில் செல்லை வடிவமைக்கிறேன். 100 மைக்ரான் கியூலெட் (வைரத்தின் தட்டை முனை), 300 மைக்ரான் வரை 8.5 பாகை பெவல் (முனையைச் சுற்றிய சரிவு), ரீனியம் கேஸ்கெட் (மாதிரியைச் சுற்றி அடைக்கும் உலோகத் தகடு), டங்ஸ்டன் கார்பைடு சீட் (வைரத்தின் அடிமுகத்தைத் தாங்கும், நடுவில் துளையுள்ள தாங்கி). அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றே என்று கொள்ளும் அச்சுச் சமச்சீர் கணினி மாடல்; வடிவத்தைச் சிறு துண்டுகளாக, அதாவது எலிமென்டுகளாக, பிரிக்கும் வலைதான் மெஷ். வைரத்தில் வரும் அதிகபட்ச வான் மீசஸ் தகைவை (பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாக்கும் அளவு) குறைக்க வேண்டும். பெவல் கோணமும் சீட் துளையின் விட்டமும் மாறிகள். மெஷ்ஷை நுணுக்கும் ஒவ்வொரு முறையும் வேறொரு துளை விட்டம் ‘சிறந்தது’ என்று வருகிறது. ஜெனடிக், பேய்சியன் என்ற இரண்டு ஆப்டிமைசேஷன் அல்காரிதங்களையும் ஓட்டிவிட்டேன்.

பதில் 1:
அல்காரிதத்தை விடுங்கள். அந்த உச்சத் தகைவு எந்த இடத்தில் வருகிறது? ஒரே டிசைனை வைத்துக்கொண்டு மெஷ்ஷை மட்டும் பாதி, கால் என்று குறைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
சீட் துளையின் விளிம்பு வைரத்தின் அடிமுகத்தைத் தொடும் இடம். எண் ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவே இல்லை.

பதில் 1:
அதுதான் சங்கதி. கூரான விளிம்பு தட்டை முகத்தில் அழுந்தினால் எலாஸ்டிக் கணக்கில் தகைவுக்கு எல்லையே கிடையாது. ஆப்டிமைசர் இத்தனை நாளும் மெஷ்ஷோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறது, பாவம். நிஜ விளிம்பில் இருக்கும் சிறு வளைவை மாடலிலும் கொடுங்கள். அந்த வளைவுக்குள் பத்து எலிமென்டாவது இருக்கட்டும்.

பதில் 2:
வான் மீசஸும் வேண்டாம். உலோகம் எப்போது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்பதற்கான அளவுகோல் அது, கேஸ்கெட்டுக்குச் சரி. வைரம் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் 111 எனப்படும் படிகத் தளங்களில் பிளந்துவிடும். சீட் துளைக்கு நேராக இருக்கும் அடிமுக மையம் பாலம்போல வளைகிறது, இழுவை வருவது அங்கே. அந்தத் தளங்களுக்குச் செங்குத்தான இழுவையை இலக்காக வையுங்கள். வைரத்தின் விறைப்பு திசைக்குத் திசை மாறும்; அதைச் சொல்லும் மீள்மாறிலிகள் சி11, சி12, சி44 முறையே 1079, 124, 578 கிகாபாஸ்கல். 100 படிகத் திசை அச்சாக உள்ள வைரத்தின் நான்மடிச் சமச்சீர் (90 பாகைக்கு ஒருமுறை ஒத்துப்போவது) உங்கள் மாடலில் அடங்காது, கடைசி இரண்டு மூன்று டிசைனையாவது முப்பரிமாணத்தில் சரிபாருங்கள். அப்புறம், சீட் துளை வழியே எக்ஸ்ரே போகும் திறப்புக் கோணத்துக்கு ஒரு கீழ்வரம்பு போடுங்கள். இல்லையென்றால் ஆப்டிமைசர் துளையையே மூடிவிடும்!

கேட்டவர்:
நன்றி. துளை விட்டம் இப்போது மூன்று மெஷ்ஷிலும் ஒன்றே. ஆனால் பெவல் கோணம் எதுவாக இருந்தாலும் விடை அசையவில்லை.

பதில் 2:
அடிமுக மைய இழுவைக்குப் பெவல் அவ்வளவாகத் தெரியாது. அதன் வேலை முனையில்: அழுத்தம் மெகாபாரை (பத்து லட்சம் பார்) நெருங்கும்போது கியூலெட் கிண்ணம்போலக் குழிந்து, எதிரெதிர் விளிம்புகள் நெருங்கும். முனைக்குத் தனி இலக்கு தேவை. பெரிய உருமாற்றக் கணக்கை (வடிவம் மாற மாறக் கணக்கையும் புதுப்பிப்பது) ஆன் செய்திருக்கிறீர்களா?

கேட்டவர்:
இல்லை... இப்போதுதான் பார்க்கிறேன்.